சொல்தா வீட்டுக் கிரெயோன்

கலியமூர்த்திக்கு நிம்மதி சீக்கிரம் வந்துவிடும். வந்த வேகத்தில் போயும் விடும். அவருக்கு இருந்த ஒரே வியாதி அதுதான்.

1986-ஆம் வருஷத்துக் கோடையில் அவருக்கு வந்த முதல் நிம்மதி, அக்கா செல்வாம்பாள் ஒருவழியாக இறங்கி வந்தது. செல்வாம்பாளின் மகன் கோவிந்தசாமிக்குச் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கலியமூர்த்தியின் ஒரே மகள் வசந்தா, பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். என் மகனுக்கு உன் மகள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அக்காக்காரி பூவும் பழமுமாக வந்து உட்கார்ந்துவிட்டாள். வசந்தாவோ ஓவியக் கல்லூரியில்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அத்தையும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள, நடுவில் கலியமூர்த்தி முழித்தார். கடைசியில் செல்வாம்பாளே ஒரு வழி சொன்னாள்.

"காலேஜ் பரீட்ச எழுதட்டும். சீட்டு கெடைச்சா போய்ப் படிக்கட்டும், நான் குறுக்க நிக்கல. கெடைக்கலன்னா ஆவணியில தாலி. அப்புறம் ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாது."

"சரிக்கா," என்று கலியமூர்த்தி உடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது அக்காவுக்குப் பயந்து அல்ல. சீட்டு கிடைக்காமல் போகும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

அவர் மில்லில் தறிப் பகுதியில் வேலை பார்த்தார். படம் வரைவதற்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. வாசலில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னால்கூட அதைக் கோணலாக வைக்கக் கூடியவர். ஆனால் மகள் வரைந்ததை மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு போய் மில் வாசல் டீக்கடையில் பிரித்துக் காட்டாவிட்டால் அவருக்கு டீ இறங்காது. "பென்சிலால போட்டது சார், வெறும் பென்சில். இந்த மூக்கோரம் நெழலு விழுது பாருங்க" என்பார். பார்த்தவர்கள் பாராட்டாமல் தப்பித்துப் போக முடியாது. கடைக்காரரே சில நாள் அவர் வருவதைப் பார்த்ததும் அடுப்படிப் பக்கம் நகர்ந்துவிடுவார்.

கருவடிக்குப்பத்தில் அவர்கள் குடியிருந்தது ஆதிமூலத்தின் வீட்டின் பின்கட்டில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை நம் ஊரில் சொல்தா என்பார்களே, ஆதிமூலம் ஒரு சொல்தா. மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. மகன் பிரான்சில். வருஷத்துக்கு ஒரு தடவை மகனைப் பார்க்கப் போய்விட்டு வரும்போது ஏதாவது ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு வருவார். ஒரு வருஷம் ரொட்டி வாட்டும் பெட்டி, ஒரு வருஷம் முடி காய வைக்கும் குழாய். தலையில் முடியே இல்லாத மனுஷனுக்கு அது எதற்கு என்று கலியமூர்த்தியின் மனைவி அமிர்தவல்லி சிரிப்பாள். ஆனால் வீட்டுக்காரர் என்ற மிடுக்கு கிடையாது. வாசல் கதவு எப்போதும் திறந்திருக்கும், தெருப் பிள்ளைகள் எல்லாம் உள்ளே போய் வரும்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு வசந்தா தினமும் சாயங்காலம் முன்கட்டுக்குப் போக ஆரம்பித்தாள்.

"அங்க இன்னா பண்ற?" என்று கலியமூர்த்தி கேட்டார்.

"படம் வரையறேம்ப்பா. சொல்தா தாத்தா பிரான்சுலேருந்து கிரெயோன் எடுத்தாந்துருக்காரு. எவ்ளோ வேணும்னாலும் வரைஞ்சுக்கோன்னு சொல்லிட்டாரு."

கலியமூர்த்திக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பிரான்சு தேசத்துக் கிரேயான்! அங்கே செய்கிற மெழுகுக் கலர் என்றால் சும்மாவா? மகளுடைய கைக்கு ஏற்ற சாமான் தேடி வந்திருக்கிறது. அப்பாடா என்று காலை நீட்டிப் படுத்தார். ஊரான் வீட்டுக் கலரை இப்படித் தினமும் தேய்த்துத் தீர்த்தால் நன்றாக இருக்குமா என்று பிறகு தோன்றவே, ஒரு சனிக்கிழமை நேரு வீதியில் நல்லதாக ஒரு கிரேயான் பெட்டி வாங்கிக்கொண்டு முன்கட்டுக்குப் போனார்.

"அண்ணே, பொண்ணு தெனமும் வந்து வரையுது. உங்க கிரேயான் எல்லாம் கரைஞ்சு போயிருக்கும். இத வச்சுக்கோங்க."

ஆதிமூலம் பெட்டியை வாங்கித் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்து பார்த்தார்.

"இது இன்னாத்துக்கு, கலியா?"

"அதாண்ணே, கிரேயான்."

ஆதிமூலம் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று கையில் வந்தது. அதைச் சரியாக மாட்டிக்கொண்டுதான் அவரால் பேச முடிந்தது. "அடேய், பிரெஞ்சுல கிரெயோன்னா பென்சிலு! வா, வந்து பாரு."

உள்ளே மேஜைமேல் ஒரு டிவி இருந்தது. அதன் முன்னால் டைப்ரைட்டர் மாதிரி ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு ஒயர். ஒயரின் நுனியில் பேனா மாதிரி ஒன்று. அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டு வசந்தா டிவி கண்ணாடிமேல் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் கையை இழுக்க இழுக்க, கண்ணாடிக்குள் பச்சையாக ஒரு கோடு ஓடியது.

"கம்ப்யூட்டர்," என்றார் ஆதிமூலம். "மவன் குடுத்தான். அங்க பள்ளிக்கூடத்துப் பசங்க எல்லாம் இதுலதான் வரையுதுங்க. இது வெளிச்சத்துல எழுதற கிரெயோன். தாளு வேணாம், கலர் வேணாம், காசு வேணாம். இந்தப் பொத்தான அமுக்குனா வட்டம். இத அமுக்குனா கட்டம். உள்ளார தொட்டா அதுவே கலர ரொப்பிக்கும். கத்துக்கவே வேணாம், யாரு வேணா வரையலாம். நீகூட வரையலாம், உக்காரு."

கலியமூர்த்தி மாட்டேன் என்றார். ஆதிமூலம் விடவில்லை, தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். கலியமூர்த்தி ஒரு கட்டம் போட்டார். அதன் தலையில் ஒரு கூரை. பக்கத்தில் ஒரு சூரியன். உள்ளே தொட்டார், சூரியன் மஞ்சளாக நிறைந்தது. பிறந்ததிலிருந்து ஒரு வட்டத்தைக்கூட ஒழுங்காகப் போடாத கையால் தாம்பாளம் போல ஒரு சூரியனைப் போட்டுவிட்டார்.

"பலே!" என்று ஆதிமூலம் கை தட்டினார். வசந்தாவும் சிரித்தாள்.

வேறு யாராக இருந்தாலும் பூரித்துப் போயிருப்பார்கள். கலியமூர்த்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். நானே வரைந்துவிட்டேன் என்றால் இதில் என்ன இருக்கிறது? எனக்கே வருவது ஒரு வித்தையா? இதில் தினமும் உட்கார்ந்து என் பெண்ணின் கை என்னத்துக்கு ஆகும்? வந்த நிம்மதி, பெட்டிக்குள் இருந்த கிரேயானோடு அங்கேயே போயிற்று.

அவர் பயம் வெறும் பயமும் இல்லை. தறிப் பகுதியில் அவர் கண்ணால் பார்த்த சங்கதி ஒன்று இருந்தது. கூட வேலை பார்த்த சாமிக்கண்ணு, அறுந்த இழையை முடிச்சுப் போடுவதில் சூரர். கண் இமைப்பதற்குள் போட்டுவிடுவார், முடிச்சு எங்கே என்று தேடினாலும் தெரியாது. பிறகு முடிச்சுப் போடுகிற மிஷின் ஒன்று வந்தது. கொஞ்ச நாள் போனதும் மிஷின் பழுதாகி நின்ற ஒரு நாளில், சாமிக்கண்ணு இழையை வைத்துக்கொண்டு தடவிக்கொண்டு நின்றார். "கை மறந்துட்டுது கலியமூர்த்தி" என்று அவர் சொன்னபோது இருந்த முகத்தை மறக்க முடியவில்லை. அந்த முகம் இப்போது மகளுடைய முகமாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அமிர்தவல்லியிடம் பொருமினார். "பரீட்ச முடியற வரைக்கும் அவ அந்தப் பக்கமே போவக் கூடாது."

"ஏன், நல்லாத்தான வரையறா?"

"அவ எங்க வரையறா? அது வரையுது. வட்டம் அது போடுது, கலர் அது ரொப்புது. பரீட்சையில பொத்தானா குடுப்பான்?"

"நீ ஒரு வட்டம் போட்டுட்ட இல்ல, அந்த வயித்தெரிச்சலு உனக்கே தாங்கல," என்று சொல்லிவிட்டு அமிர்தவல்லி அரிசி களையப் போய்விட்டாள்.

வசந்தாவிடம் நேராகவே பேசிப் பார்த்தார். அவள் பொறுமையாகத்தான் பதில் சொன்னாள். "அப்பா, பேப்பர்ல தப்பு வந்துட்டா பேப்பர் போச்சேன்னு பயந்து பயந்து வரையணும். இதுல பயமே இல்ல. தோணுனத எல்லாம் போட்டுப் பாக்கலாம். வட்டப் பொத்தான நான் தொடறதே இல்ல, அது போடற வட்டத்துல உசுரே இல்ல."

"பரீட்சைக்கு வர்றவங்க எல்லாம் இன்னேரம் பென்சிலப் புடிச்சுக் கை ஒடிய வரைஞ்சுகிட்டு இருப்பாங்க."

"நானுந்தாம்ப்பா கை ஒடிய வரையறேன். அந்தக் கண்ணாடிகிட்டக் கையத் தூக்கியே புடிச்சு வரைஞ்சு பாரு, தோளு எப்பிடி வலிக்குதுன்னு தெரியும்."

வீட்டுக்காரரிடம் போய், என் பெண்ணை உள்ளே விடாதே என்று சொல்லவும் முடியாது. மனுஷன் அன்போடு கூப்பிடுகிறார். கலியமூர்த்தி அன்று முழுக்க யோசித்தார். யோசித்து யோசித்து, கிறுக்குத்தனமான ஒரு முடிவுக்கு வந்தார்.

முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவே ஒரு நடை உண்டு. அதன் சுவரில் இரண்டு கட்டுக்கும் சேர்த்து மீட்டர் பலகை. ஒவ்வொரு மீட்டருக்கும் கீழே வெள்ளைப் பீங்கானில் ஒரு பியூஸ் கட்டை. மறுநாள் மில்லிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றுகிற சாக்கில் நடையில் நின்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முன்கட்டின் பியூஸ் கட்டையை வெடுக்கென்று பிடுங்கினார்.

உள்ளே, "அய்யய்யோ போச்சு!" என்று வசந்தாவின் குரல் கேட்டது.

"நாசமாப் போற கரண்டு," என்று ஆதிமூலத்தின் குரல் கேட்டது.

கலியமூர்த்தி கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போய் நல்ல பிள்ளையாகக் கைகால் கழுவினார். வசந்தா வந்து பொத்தென்று உட்கார்ந்தாள். "பாதி வரைஞ்சுருந்தேன்மா. கரண்டு போனா எல்லாம் அழிஞ்சு போவுது. காசெட்டுல ஏத்தி வைக்கறதுக்குள்ள போயிட்டுது" என்று அம்மாவிடம் சொன்னாள். கலியமூர்த்தி துண்டால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டே இருந்தார். முகம் காய்ந்து வெகுநேரம் ஆகியும் துடைத்தார். பிறகு யாரும் பார்க்காதபோது கட்டையைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தார்.

அடுத்த நாளும் பிடுங்கினார். அதற்கடுத்த நாளும். வெறுத்துப்போய் விட்டுவிடுவாள், பென்சிலை எடுப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் விடவில்லை. தினமும் போய் அதே படத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். தெருமுனையில் காலையில் மீன் விற்கிற அன்னக்கிளியின் படம் அது. கூடைக்குப் பின்னால் அவள் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி யாரோடோ சண்டை போடுவதை வசந்தா காலையில் நின்று பார்த்துவிட்டு வருவாள். சாயங்காலம் அதை மனசில் வைத்துக் கண்ணாடிமேல் போடுவாள். பாதிப் படம் வருவதற்குள் மில் சங்கு ஊதும், அப்பா வருவார், கரண்டு போய்விடும். அன்னக்கிளி சண்டையை முடித்தபாடில்லை.

ஆதிமூலத்துக்குத்தான் மண்டை குழம்பியது. தன் வீட்டுக்கு மட்டும் சாயங்காலமானால் கரண்டு போகிற மாயம் அவருக்குப் புரியவில்லை. ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து காட்டினார். அவன் எல்லா ஒயரையும் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் குறையில்லை, கம்ப்யூட்டர் இழுவை ஜாஸ்தி என்று அடித்துவிட்டுப் போனான். "இருக்கும்ண்ணே, பிரான்சு சாமான் இல்ல? நம்ம கரண்டு அதுக்கு ஒத்துக்காது" என்று கலியமூர்த்தியும் கூசாமல் ஒத்துப் பாடினார். பாடிவிட்டு வந்து அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல மனுஷனை ஏய்க்கிறோமே என்று நெஞ்சு குத்தியது. ஆனாலும் விடவில்லை. ஆவணி வந்துகொண்டே இருந்தது.

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளையும் பென்சிலையும் மகள் முன்னால் வைத்தார். ஒரு பித்தளைச் சொம்பையும் வைத்தார்.

"வரை பாப்போம்."

வசந்தா வரைந்தாள். சொம்பு டக்கென்று வந்துவிட்டது, உருவம் அச்சு அசல். ஆனால் கலியமூர்த்தி டீக்கடையில் எல்லோருக்கும் விரல் வைத்துக் காட்டுவாரே, அந்த நிழல், அது இல்லை. இருட்டு ஒரு பக்கம், வெளிச்சம் ஒரு பக்கம் என்று வெட்டிவிட்ட மாதிரி இருந்தது. சொம்பு தகடாக நின்றது.

"நெழலு எங்கம்மா?"

வசந்தா தாளைத் தூக்கிப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகம் வாடியது. "ஆமாம்ப்பா. அதுல நெழலு போட வழியில்ல, மொத்தமா ஒரே கலர்தான் ரொம்பும். அந்தப் பழக்கம் வந்துட்டுது போலிருக்கு."

நாலு நாள் அவள் முன்கட்டுக்குப் போகவே இல்லை. உட்கார்ந்து சொம்புக்கு நிழல் போட்டுப் பார்த்தாள். கொஞ்சம் வந்தது, முன்போல வரவில்லை. கலியமூர்த்திக்குச் சாமிக்கண்ணுவின் முகம் கனவிலும் வந்தது. கை போயிற்று, சீட்டும் போயிற்று, செல்வாம்பாள் பூவும் பழமுமாகக் கிளம்பிவிட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டார்.

கல்லூரி மெட்ராசில். பாண்டிச்சேரிப் பிள்ளைகளுக்கென்று பரீட்சையை இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, மகளைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போனார். எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தர் கையிலும் விதவிதமான பென்சில் பெட்டி. கலியமூர்த்திக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. காவல்காரர் பெற்றோரை எல்லாம் வெளியே நிற்கச் சொன்னார். கலியமூர்த்தி சுற்றிக்கொண்டு போய் ஹாலின் பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் மாதிரி ஒரு வாளியை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளே ஒரு மேடைமேல் பிரம்பு நாற்காலி, அதன்மேல் ஒரு குடை, கீழே ஒரு மண்பானை. பிள்ளைகளுக்கு மேஜை இல்லை. ஆளுக்கொரு தாங்கியில் பலகையை நிற்க வைத்து, அதில் தாளைக் குத்தியிருந்தார்கள். எல்லோரும் வரைந்தார்கள். மகளுக்கு முன்னால் இருந்த பையன் பானைக்குப் போட்ட நிழலைப் பார்த்துக் கலியமூர்த்திக்குக் கண்ணைக் கட்டியது. பானையைத் தூக்கித் தண்ணீர் மொள்ளலாம் போல இருந்தது. மகளின் பானையோ அன்றைய சொம்பு மாதிரித் தகடு. அவ்வளவுதான் என்று வாளிமேல் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே சலசலப்புக் கேட்டு எழுந்து பார்த்தார். பரீட்சை நடத்த வந்திருந்த அம்மா, கமலவேணி என்று பெயர், நெற்றியில் பெரிய பொட்டு வைத்தவர், எல்லோருடைய தாளையும் வாங்கிக்கொண்டிருந்தார். நாற்காலி, குடை, பானையையும் எடுத்து அப்பால் வைத்தாயிற்று. மேடை காலி.

"இப்ப வெள்ளைத் தாள் தருவோம். அதே படத்தை ஞாபகத்துலேருந்து மறுபடி வரையணும்," என்றார்.

ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். பானைக்கு நிழல் போட்ட பையன் காலி மேடையைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், மறுபடி மேடையைப் பார்த்தான். குடை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று பக்கத்தில் எட்டிப் பார்த்தான்.

வசந்தா மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. தாளைக் குத்தினாள். தோளிலிருந்து கையை நீட்டினாள். மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள், நாற்காலியின் முதுகு வந்துவிட்டது. இன்னொரு கோடு, குடை. பலகை நிற்க, கை அந்தரத்தில் ஓட, மற்றவர்கள் எல்லாம் மணிக்கட்டு வலித்துப் பலகையில் சாய்ந்துகொண்டிருக்க, அவள் மட்டும் தினமும் செய்கிற வேலையைச் செய்கிற மாதிரி வரைந்தாள். வரைந்ததெல்லாம் அழிந்து போயிற்றே என்கிற கலக்கம் அவள் முகத்தில் துளிகூட இல்லை. போனால் என்ன, மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்பது போல இருந்தாள்.

கலியமூர்த்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மெல்ல மெல்ல அவருக்கு விஷயம் விளங்கியது. இத்தனை நாளாக இதையேதானே அவள் செய்துகொண்டிருந்தாள்! பார்த்ததை மனசில் வைத்து, வரைந்தது அழிந்து, மறுபடி வரைந்து, மறுபடி அழிந்து. அழித்தது யார்?

"யோவ், தோட்டத்துக்கு ஆளே கெடையாது இங்க, யாருய்யா நீ?" என்று காவல்காரர் வந்து வாளியைப் பிடுங்கியதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

பரீட்சை முடிந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார்கள். வசந்தாவின் முறை வந்தபோது, கூட வந்தவரையும் உள்ளே வரச் சொன்னார்கள். கலியமூர்த்தி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். கமலவேணியம்மா முன்னால் மகளின் இரண்டு தாளும் இருந்தன.

"இந்தப் பொண்ணு எங்க பழகுச்சு?"

கலியமூர்த்தி மகள் பக்கம் திரும்பினார். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். "எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு கம்ப்யூட்டர் இருக்குதும்மா. அதுல டிவி கண்ணாடிமேலயே வரைஞ்சுகிட்டு இருந்தா. நான் வேணாம்னு எவ்வளவோ சொன்னேன். கேக்கல. அதுல கை கெட்டுப் போச்சு, நெழலெல்லாம் போயிட்டுது, எனக்கே தெரியுதும்மா. அதுக்கு முன்னாடி நல்லா போடுவா, சத்தியமா நல்லா போடுவா."

"அப்பா!" என்று வசந்தா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கமலவேணியம்மா சிரித்தார். "நிழல் சரியில்லதான். எனக்கும் தெரியுது. அதைச் சொல்லிக் குடுக்கத்தான நாங்க இருக்கோம்? எல்லாம் தெரிஞ்சுகிட்டு வந்தா காலேஜ் எதுக்கு?" இரண்டாவது தாளைத் தனியாக எடுத்துத் தூக்கிப் பார்த்தார். "இது ரெண்டாவது தடவை வரைஞ்சது. முதல் தடவையைவிட நல்லா இருக்கு. இன்னிக்கு வந்ததுல வேற யாருக்கும் அப்படி இல்ல. போன படத்தை நெனைச்சு அழாம அடுத்ததை வரையறதுக்கு எங்களால சொல்லிக் குடுக்க முடியாது. ஜூலையில கொண்டாந்து சேத்துடுங்க. எடம் உறுதி."

கலியமூர்த்தி கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்க மறந்து அப்படியே வெளியே வந்தார். எடம் உறுதி என்ற இரண்டு வார்த்தையை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். மார்பில் வைத்திருந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. உடம்பே லேசாகிவிட்டது, சைக்கிள் தானாக ஓடியது. போகிற வழியிலேயே அக்கா வீட்டு வாசலில் ஒரு காலை ஊன்றி நின்று, "எக்கா, சீட்டு கெடைச்சுட்டுது! கோவிந்தசாமிக்கு நல்ல எடமா நானே பாத்துத் தர்றேன்!" என்று கத்திவிட்டு, செல்வாம்பாள் வாயைத் திறப்பதற்குள் மிதித்துவிட்டார்.

கருவடிக்குப்பம் திருப்பத்தில் அவர் அழுதுகொண்டிருந்தார். சந்தோஷத்தில்தான். ஆனால் அதற்குள் வேறொன்றும் இருந்தது. தினமும் அவள் "போச்சு" என்று கத்தினாளே, அந்தக் குரல் காதில் கேட்டது. நல்லது நடந்துவிட்டது, சரிதான். நல்லது நடக்கட்டும் என்றா பிடுங்கினோம்? இவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மிதித்தார்.

பின்னால் உட்கார்ந்திருந்த வசந்தா அவர் முதுகைத் தட்டினாள்.

"அப்பா."

"இன்னாம்மா?"

"இன்னிக்கு ஒரு நாளு மட்டும் பியூஸப் புடுங்காதப்பா. அன்னக்கிளி படத்த முடிச்சுடறேன்."

சைக்கிள் ஒரு குலுக்குக் குலுக்கி, ஓரத்து மணலில் இறங்கி நின்றது. கலியமூர்த்தி திரும்பவில்லை. திரும்ப முகமில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"அஞ்சாறு நாள்லயே தெரிஞ்சுபோச்சு. உன் சட்டப்பையி அந்தக் கனம் கனத்தா தெரியாதா?"

"ஏம்மா கேக்கல? ஒரு வார்த்த கேட்டுருக்கலாமே?"

"கேக்கணும்னு கோவமாத்தான் வந்தேன். அன்னிக்கும் நீ துண்ட மூஞ்சிலேருந்து எடுக்கவே இல்ல. சிரிப்பு வந்துட்டுது." வசந்தா கீழே இறங்கி முன்னால் வந்தாள். "அப்புறம் பாத்தா, ஒவ்வொரு தடவையும் முந்துன தடவையவிட நல்லா வருது. சரி, இவரு புடுங்கற வரைக்கும் புடுங்கட்டும்னு விட்டுட்டேன். நீ கண்ணத் தொடச்சுக்க, தெருவுல எல்லாரும் பாக்கறாங்க."

கலியமூர்த்தி துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை வந்த நிம்மதி போகிற நிம்மதியாகத் தெரியவில்லை.

சாயங்காலம் வசந்தா முன்கட்டில் உட்கார்ந்தாள். கலியமூர்த்தி நடையில் ஒரு முக்காலியைப் போட்டு மீட்டர் பலகைக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டார். வேடிக்கை பார்க்க வந்த தெருப் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை. அமிர்தவல்லி டீ கொண்டு வந்து கொடுத்துவிட்டு, இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுப் போனாள். மில் சங்கு ஊதியது. முன்கட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே படம் முடிந்து, காசெட்டும் சுற்றி நின்றது.

ஆதிமூலம் நம்ப முடியாமல் வெளியே வந்தார். விளக்கைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், கடைசியில் கீழே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"கலியா! கரண்டு இன்னிக்குப் போவவே இல்லடா! இன்னா அதிசயம் இது?"

கலியமூர்த்தி முக்காலியைவிட்டு எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வீட்டுக்காரர் முன்னால் கையைக் கட்டி நின்றார்.

"இனிமே எப்பவும் போவாதுண்ணே," என்றார். "ஒக்காருங்க, சொல்றேன்."